அறுபத்து நாலாம் நம்பர்

ஓட்டப் போட்டிக்கு இடம் கிடைக்காமல் போவது எனக்குப் புதிதல்ல. நான் இருக்கும் ஒஸ்லோவில், பதிவு திறந்த அன்றே மூடிவிடுவார்கள். ஆனால் பரந்தன் சந்திக்கு உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் அம்மன் கோயிலின் திருவிழா மரதனுக்கும் அதே கதைதான் என்று தெரிந்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் சுலபமாக வரும்.

“நூறு பேருக்குத்தான் பொலிஸ் அனுமதி தந்தது, அக்கா. ஏ நைன் ரோட்டைக் கடக்க வேணுமெல்லே. நூறும் முடிஞ்சுது” என்றார் கோயில் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். அவர் சந்தியில் வன்பொருள் கடை வைத்திருப்பவர். பிளாஸ்டிக் குழாய்களுக்கு நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்தபடி சொன்னார்.

“நூறு பேரும் இந்த ஊர் ஆக்களோ?”

“எங்க அக்கா! பாதிப்பேர் லண்டனும் கனடாவும். மாசிக்குள்ளயே வாட்ஸ்அப்பில பேர் குடுத்துட்டினம்.”

நானும் வெளிநாடுதான். பிறந்த மண்ணுக்கு விசா எடுத்து, ஒரு மாத விடுமுறையில் வந்து நிற்பவள். ஆனால் என்னைப் போன்றவர்கள் முந்திக்கொண்டு வந்து என் இடத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு நியாயமான ஆத்திரம். பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு மரதன் என்று பெயர் வைப்பது பிழை என்றும் சொல்லி வைத்தேன். “ஓடி முடிச்சவை எல்லாரும் மரதன் ஓடினது மாதிரித்தான் விழுந்து கிடப்பினம்” என்றார் அவர். திரும்பி வந்துவிட்டேன்.

நான் தங்கியிருந்தது மாமி வீட்டில். அம்மாவின் தம்பியின் மனைவி. மாமா இறந்த பிறகு, மூன்று மாடுகளுடனும் ஒரு தொலைக்காட்சியுடனும் தனியாக இருக்கிறா. என்னை வளர்த்தவ என்று சொல்ல முடியாது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டா. ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒஸ்லோவுக்கு வரும்போது, என் கணவரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒரு பொதி அனுப்புவா. கருவாடு, ஒடியல் மா, கறித்தூள். அந்தக் கணவரும் நானும் பிரிந்து இரண்டு வருடம். அதை நான் மாமிக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, நேரில் சொல்லலாம் என்று வந்தால், வந்து இறங்கிய முதல் நாளே “மருமகன் சுகமே?” என்று கேட்டா. “ஓம்” என்றேன். ஒரு “ஓம்” சொன்னால் அதற்குப் பின்னால் நூறு “ஓம்” சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓடத் தொடங்கியதும் அந்தப் பிரிவுக்குப் பிறகுதான். வீட்டில் தனியே இருந்தால் தலைக்குள் வழக்குத் தொடங்கிவிடும். வெளியே ஓடினால் அரைமணி நேரத்துக்காவது தீர்ப்பு ஒத்திவைக்கப்படும். அதனால் இங்கே வந்தும் ஒவ்வொரு காலையிலும் வாய்க்கால் கட்டில் ஓடினேன். ஐம்பது தாண்டிய பெண் ஒருத்தி காற்சட்டையும் சப்பாத்துமாக ஓடினால் பரந்தனில் என்ன நடக்கும்? நாய்கள் துரத்தும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மெதுவாக்கி, “என்ன அக்கா, ஏதும் அவசரமோ? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்” என்பார்கள். ஒருமுறை ஒருவர் மிகவும் வற்புறுத்தினார்; அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்கு மூச்சு ஆறிவிட்டது.

அந்த வாய்க்கால் கட்டில் தினமும் ஓடிய இன்னொருவன் இருந்தான். பாடசாலை வான் ஓட்டுபவன். முப்பத்தைந்து வயது இருக்கும். வெறுங்காலோடு ஓடுவான். என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூட ஓடுவான், நாய்களுக்குக் கல் எறிவதுபோலப் பாவனை காட்டுவான். போன வருடம் அவன் மூன்றாவதாக வந்தவனாம். இந்த முறை முதலாவது என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தான். எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று சொன்னபோது, “ஒராள் விலகினா உங்களுக்குத்தான் அக்கா. நான் செயலாளரிட்டச் சொல்லி வைக்கிறன்” என்றான்.

விலகியது அவனே.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. மாமியின் வீட்டுப் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “இல்லை அக்கா, துடக்கு. பெரியப்பா மோசம் போயிட்டார், நெடுங்கேணியில. அப்பான்ர தமையன். இனி முப்பத்தொண்டு கழியுமட்டும் நான் கோயில் பக்கம் போகேலாது. என்ர நம்பரை உங்களுக்குக் குடுக்கச் சொல்லியிருக்கிறன்” என்றான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரருக்கும், தகப்பன் வழிச் சொந்தமான பங்காளிகளுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அவர்கள் கோயிலுக்குப் போக மாட்டார்கள். இந்த மரதனோ கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துத் தொடங்குவது. ஓடுகிறவர்கள் எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டுதான் கோட்டில் நிற்க வேண்டும். ஆகவே துடக்குக்காரருக்கு ஓட்டம் இல்லை.

அவனுக்கு அனுதாபம் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் மனம் துள்ளியது, அதை மறைத்து என்ன பயன்? அன்று பின்னேரமே வன்பொருள் கடைக்குப் போனேன். செயலாளர் மேசை லாச்சியிலிருந்து நம்பர்த் துணியை எடுத்தார். அறுபத்து நாலு. தருவதற்கு முன், எல்லோரிடமும் கேட்பதுபோல, “உங்களுக்குத் துடக்கொண்டும் இல்லைத்தானே?” என்று கேட்டார்.

“எனக்கென்ன துடக்கு?” என்றேன். ஒஸ்லோவில் இருக்கிறவளுக்குத் துடக்கு எங்கிருந்து வரும் என்ற தோரணையில்.

வீட்டுக்கு வந்து துணியை மேற்சட்டையில் குத்திப் பார்த்து, அலுமாரிக் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பி நின்றேன். மாமி வந்து எட்டிப் பார்த்து, “பொலிஸ்காரி மாதிரிக் கிடக்கு” என்றா.

அடுத்த நாள் காலை ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்தது. இங்கே சாவை அப்படித்தான் அறிவிப்பார்கள். ஊர் ஊராக ஓட்டோவை விட்டு, பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். நெடுங்கேணியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று அது சொல்லிக்கொண்டே போனது. நான் விறாந்தையில் சப்பாத்துக்கு மண் தட்டிக்கொண்டிருந்தேன். “காலஞ்சென்ற…” என்று சொல்லி அந்தக் குரல் என் அப்பாவின் பெயரைச் சொன்னது. முழுப் பெயர், ஊரோடு. “…ஆகியோரின் அன்புச் சகோதரரும் ஆவார்.”

அப்பாவின் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. அது என்னுடைய படிவங்களில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்த பெயர். கையில் சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டேன்.

மாமி அகப்பையோடு குசினியை விட்டு ஓடிவந்தா. “உன்ர கொப்பரின்ர பேரையெல்லே சொல்லுறாங்கள்! எடேய் தம்பி, நில்லடா, நில்லு!” ஓட்டோ நின்றது. ஓட்டோக்காரர் நல்ல மனிதர்; பின்னுக்கு எடுத்து, எங்கள் இருவருக்காகவும் முதலிலிருந்து ஒருமுறை முழுதாகப் போட்டார். சந்தேகமே இல்லை. இறந்தவர் அப்பாவின் சொந்தப் பெரியப்பாவின் மகன். எனக்கும் பெரியப்பா முறை. அப்பா செத்த பிறகு அம்மாவுக்கும் அந்தப் பக்கத்துக்கும் போக்குவரத்து இல்லாமல் போய், இடப்பெயர்வுகளில் ஆர் எங்கே என்பதும் தெரியாமல் போயிருந்தது. நாய்க்குக் கல்லெறியப் பாவனை காட்டிய அந்த வான்காரன், இன்னாரென்று அறியாமலே நான் கூட ஓடிய என் தம்பி.

மாமி விறாந்தையில் குந்தி, விரலை மடித்து எண்ணத் தொடங்கினா. “சித்தப்பன் பெரியப்பன் பிள்ளையள். சுத்தப் பங்காளி. முப்பத்தொண்டு.” என் முகம் விழுந்ததைக் கண்டிருக்க வேண்டும். உடனே விரலை விரித்தா. “பொறு பொறு. நீ கட்டிப் போனனியெல்லே? கட்டிப் போனவள் புருசன் வீட்டு ஆள். அவளுக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு மூண்டே மூண்டு நாள். திருவிழாவுக்கு முதல் கழிஞ்சிடும். நீ ஓடலாம்!”

மாமிக்கு அவ்வளவு சந்தோசம். கணக்குப் பாடத்தில் பாஸாகிவிட்டது போல அகப்பையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனா. அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. ஓட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது.

ஒலிபெருக்கியைச் செயலாளரும் கேட்டிருக்கிறார். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்தார். இவரும் படலையடியில்தான் நின்றார். மாமியே முந்திக்கொண்டு கணக்கைச் சொன்னா: கட்டிக் கொடுத்த பிள்ளை, மூன்று நாள், பிரச்சினையில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டார். “அதுதான் நானும் நினைச்சனான். அக்கா இப்ப அவரின்ர வீட்டு ஆள்தானே” என்றார்.

அவரின்ர வீட்டு ஆள். அந்த வீட்டுக் கதவின் திறப்பை நான் ஒரு கடித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அங்கிருந்து வெளிக்கிட எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பது எனக்குத்தான் தெரியும். இப்போது பத்துக் கிலோமீற்றர் ஓடுவதற்காக மறுபடி அதற்குள் போய் நிற்கவா?

“இல்லை” என்றேன். “நான் இப்ப அவரோட இல்லை. பிரிஞ்சு ரெண்டு வருசம்.”

மாமி என்னைப் பார்க்கவில்லை. படலையில் ஏறியிருந்த கொடியிலிருந்து காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினா. செயலாளர் தன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அதில் ஏதோ விடை எழுதியிருப்பது போல. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “பிரிஞ்சு வந்தவைக்கு எத்தினை நாளெண்டு எனக்குத் தெரியாதக்கா. இப்பிடியொரு கேள்வி எங்களுக்கு இதுவரைக்கும் வரேல்லை. ஐயரைக் கேக்கலாம். கேட்டா ஊருக்கே தெரிஞ்சிடும். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஓடுங்கோ.”

நல்ல மனிதர். வாசலில் வைத்து இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதர் எனக்காகப் பொய் சொல்ல முன்வந்தது அதுவே முதல் தடவை. அவர் போன பிறகு குசினிக்குள் போனேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. வசவு விழும் என்று காத்திருந்தேன்.

“ஓட விருப்பமெல்லே?” என்று கேட்டா.

“விருப்பம்தான்.”

“அப்ப ஏன் வாயைத் திறந்தனி?”

“அவரின்ர வீட்டு ஆளெண்டு சொல்லிக்கொண்டு ஓடேலாது மாமி.”

அவ மற்றப் பாதித் தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினா. பிறகு, “அந்தாளுக்குத்தானே உறைப்புக் கூடாதெண்டனி?” என்றா.

“ஓம்.”

“இவ்வளவு காலமும் அந்தாளுக்காக மிளகாயைக் குறைச்செல்லே தூள் இடிப்பிச்சு அனுப்பினனான். விசர். இந்த முறை நல்ல உறைப்பா இடிப்பிப்பம்.” அதற்குப் பிறகுதான் அவவின் கண் கலங்கியது. என்னுடையதும். இருவரும் தேங்காய்ப்பூவுக்கு மேலே அழுதுவிட்டு, அதைக் கறிக்குள்ளேயும் போட்டோம்.

ஆனால் ஓடுவதா இல்லையா என்பது அப்போதும் முடிவாகவில்லை. நம்பர்த் துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் செத்தவீட்டுக்கு மாமியும் நானும் நெடுங்கேணி பஸ்ஸில் போனோம். வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. போய், ஒரு மூலையில் இருந்துவிட்டு, பிணம் எடுத்ததும் திரும்பினால் நான் வெறும் விருந்தாளி. விருந்தாளிக்குத் துடக்கு இல்லை. வீட்டுக்கு வந்து முழுகினால் சரி. ஓடலாம். நானே சட்டத்தரணி, நானே நீதிபதி.

முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரியப்பா கிடந்தார். அவரை நான் கண்டதே இல்லை. ஆனால் அந்த நெற்றி அப்பாவின் நெற்றி. படத்தில் மட்டும் பார்த்த நெற்றி. காது மடலும் அதேதான். என்னையறியாமல் என் கை என் காதுக்குப் போனது.

தலைமாட்டில் பெரியம்மா இருந்தா. அழுது அழுது குரல் போயிருந்தது. மாமி குனிந்து என் அப்பாவின் பெயரைச் சொல்லி, “அவற்ற மகள்” என்றா. பெரியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை நீளமானது. ஆர், எங்கே இருந்தாய், ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மகளை நகரச் சொல்லிக் கையால் காட்டினா. நான் அந்த இடத்தில் இருந்தேன்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அரிசித் தட்டை வைத்திருந்த ஒரு பெண் எல்லோரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தா. மகள்மார், அவர்களுக்குப் பின் சகோதரர்களின் மகள்களான பெறாமகள்மார். கட்டினவர்களைக் கணவரோடு வரச் சொன்னா. என்னிடம் வந்து, “நீங்கள் கட்டினதோ? அவர் வரேல்லையோ?” என்று கேட்டா. கேள்வியில் விசமம் இல்லை, வரிசைக்காகக் கேட்டது.

“கட்டினனான். இப்ப பிரிஞ்சிட்டன்” என்றேன். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருந்தது.

அந்தப் பெண் தட்டோடு தயங்கினா. பெரியம்மாதான், போன குரலில், எனக்குக் கேட்கும்படி சொன்னா: “பிரிஞ்சவளெண்டா எங்கட பிள்ளைதானே. உனக்கும் எங்களோட முப்பத்தொண்டு, மோனை. இப்ப அரிசியைப் போடு.”

நான் அரிசியை அள்ளினேன். பாதி கீழே சிந்திவிட்டது. அதன் பிறகு நான் அழுததைப் பார்த்தவர்கள், இவள் பெரியப்பாவோடு எவ்வளவு வாரப்பாடு என்று நினைத்திருப்பார்கள்.

பிணம் எடுத்த பிறகு, பந்தல் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த வான்காரத் தம்பியிடம் போய்க் கைப்பையிலிருந்து அறுபத்து நாலை எடுத்தேன். “இதை அவையிட்டத் திருப்பிக் குடுக்கோணும்” என்றேன். அவனுக்கு விடயம் காதில் விழுந்திருந்தது. துணியைக் கையில் வாங்காமல் சிரித்தான். “எனக்கும் துடக்கு, உங்களுக்கும் துடக்கு. உங்கட மாமியிட்டக் குடுத்து விடுங்கோ, அவா முழுகிப்போட்டுக் கொண்டுபோய்க் குடுக்கட்டும். சும்மா வாய்க்கு அக்கா எண்டு கூப்பிட்டனான், சொந்த அக்காவாப் போச்சு.”

மாமி மட்டும் பரந்தனுக்குத் திரும்பினா. நான் அந்த வீட்டிலேயே தங்கினேன். திருவிழா அன்று காலை தம்பி, “கோயிலுக்குத்தான் துடக்கு, ரோட்டுக்கு இல்லை” என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்திக்கு வந்தான். சோளகக் காற்று புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. சனம் வாளியும் போத்தலுமாக நின்று, ஓடி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. எங்கள் கையால் கொடுக்கக் கூடாது என்பதால் நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கத்த மட்டும் செய்தோம். என் அறுபத்து நாலோடு பளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு தாதி ஓடிப் போனாள். கையை அகல வீசி வீசி, மோசமாக ஓடினாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் அவளைவிட நன்றாக ஓடியிருப்பேன். தம்பிக்கும் எரிந்திருக்கும், முதலாவதாக வந்தவனைப் பார்த்து, “இவன் என்னோட ஓடியிருந்தா நாலாவது” என்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு கடையில் வெறும் தேத்தண்ணி குடித்தோம்.

இந்த நாட்டு அரசாங்கம் எனக்குத் தந்தது முப்பது நாள். பெரியம்மா தந்தது முப்பத்தொன்று. விசா முந்திவிட்டது. நல்ல உறைப்பான கறித்தூளோடு ஒஸ்லோவுக்குத் திரும்பியபோது துடக்கில் பாதிக்கு மேல் மிச்சம் கிடந்தது. நான் கோயிலுக்குப் போகிறவள் அல்ல. ஆனால் அந்த நாட்கள் முழுவதும் கோயில் இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. ஓடவும் இல்லை. கூட ஓடுகிறவர்கள் கேட்டதற்கு வீட்டில் ஒரு சாவு என்றேன். அது உண்மை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

முப்பத்தோராம் நாள் காலை, வேலை இல்லாத நாள். தொலைபேசி அடித்தது. தம்பியின் இலக்கம், ஆனால் பேசியது பெரியம்மா. பின்னால் கிரியை நடக்கும் சத்தம், பாத்திரங்கள், ஐயரின் குரல். என்ன, எப்படி என்று எதுவும் விசாரிக்கவில்லை. வீட்டில் இருக்கிற பிள்ளைகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, என் முறை வந்ததுபோல, “நீ முழுகினியே?” என்றா.

“ஓம் பெரியம்மா, முழுகிட்டன்” என்றேன்.

“சரி, அப்ப கழிஞ்சுது” என்றுவிட்டு வைத்துவிட்டா. தலைமயிர் காயும் வரைக்கும் யன்னலடியில் இருந்தேன். பிறகு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓடப் போனேன்.